இப்ப என்ன படிக்கிறீங்க? கல்வெட்டு முடியுற இடமும் கதை தொடங்குற இடமும்

(ஒலி வடிவத்துல வந்த எபிசோடோட எழுத்து வடிவம் இது. ‘அப்புறம்’, ‘வந்து’ எல்லாத்தையும் வெட்டிட்டு, கொஞ்சம் ஒழுங்குபடுத்திப் போட்டிருக்கோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு மன்னிப்புல ஆரம்பிக்குது.

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு எபிசோட்ல, அப்ப நான் படிச்சிட்டிருந்த சரித்திர நாவலைப் பத்திப் பேசினேன். குடவோலை முறை வந்ததும் உற்சாகமாகி, “ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடியே எங்க ஊர்ப் பக்கம் எல்லாரும் ஓட்டுப் போட்டிருக்காங்க”ன்னு சொல்லிட்டேன். எங்க ஊர் ஏனாத்தூர். காஞ்சிபுரம் மாவட்டம், உத்திரமேரூர் இருக்கிற அதே மாவட்டம். சொந்த ஊர்ப் பெருமை பேசறப்போ வாய் கொஞ்சம் கூடவே போயிடும், உங்களுக்கே தெரியும்.

அந்த எபிசோடை ஊருக்குப் போனப்ப எங்க ஆயாவுக்குப் போட்டுக் காட்டினேன். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா பொன்னியின் செல்வன் கதை முழுசா தெரியும். எப்படின்னு பின்னாடி சொல்றேன். எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு ஆயா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க.

“எல்லாரும்னா, நம்ம ஆளுங்களுமாடா கண்ணு?”

எனக்குப் பதில் தெரியலை. நாங்க தலைமுறை தலைமுறையா அடுத்தவங்க நிலத்துல கூலிக்கு வேலை பார்த்த குடும்பம். எங்க அப்பா காலத்துலகூடச் சொந்தமா ஒரு குழி நிலம் கிடையாது. நாவல்ல படிச்ச ஒரு வரியை, அது கல்வெட்டுல இருக்கா, ஆசிரியரோட கற்பனையான்னு பார்க்காம, மைக் முன்னாடி சொல்லிட்டேன். கேட்ட சிலர் அதை கிளிப்பா வெட்டி வாட்ஸ்அப்ல அனுப்பியும் இருந்தாங்க.

அதனால இன்னைக்குத் தலைப்பு இதுதான்: சரித்திர நாவல் பிடிச்சவங்க, ‘இப்ப இதைப் படிக்கிறேன்’னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிறோம் இல்லையா? அதை எப்படிச் சொன்னா கேட்கிறவங்களுக்கு உருப்படியா ஏதாவது கிடைக்கும்?

எல்லாரும் ஒரே பக்கத்துல இருந்த காலம்

தமிழ்ல சரித்திர நாவல்னு முதல்ல சொல்லப்படுறது ‘மோகனாங்கி’. 1895ல வந்தது. எழுதினவர் திருகோணமலைக்காரர், தி. த. சரவணமுத்துப்பிள்ளை. நாயக்கர் காலத்துக் கதை. ஆனா இந்த வகையை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது வாரப் பத்திரிகைகள்தான். கல்கியோட பார்த்திபன் கனவு, சிவகாமியின் சபதம், பொன்னியின் செல்வன் மூணுமே தொடரா வந்தவை. பொன்னியின் செல்வன் 1950ல ஆரம்பிச்சு 1954 வரைக்கும், மூணரை வருஷம், கல்கி இதழ்ல மணியம் ஓவியங்களோட வந்தது. சாண்டில்யனோட கடல் புறா, யவன ராணி எல்லாம் குமுதத்துல வந்தது.

தொடர்னா என்ன நடக்கும்? ஊரே ஒரே பக்கத்துல நிக்கும். இந்த வாரம் வந்தியத்தேவன் எங்க மாட்டிக்கிட்டான்னு டீக்கடையில இருக்கிறவருக்கும் தெரியும், டீச்சருக்கும் தெரியும். அடுத்து என்னன்னு ரெண்டு பேருக்கும் தெரியாது. ஸ்பாய்லர் கொடுக்க யாராலயும் முடியாது, ஏன்னா எழுத்தாளரே இன்னும் எழுதியிருக்க மாட்டார்.

புத்தகப் பகிர்வும் அதுலயே இருந்தது. பத்திரிகையில அந்தப் பக்கங்களை மட்டும் கிழிச்சுச் சேர்த்து வெச்சு, பைண்டு பண்ணி, ஒருத்தர் வீட்டுலேர்ந்து இன்னொருத்தர் வீட்டுக்குப் போகும். இன்னைக்கும் பழைய புத்தகக் கடைகள்ல அப்படிப்பட்ட பைண்டிங் கிடைக்கும். கதைக்கு நடுவுல சோப்பு விளம்பரம், பல்பொடி விளம்பரம், ஓரத்துல யாரோ பென்சில்ல எழுதின பேர்.

எங்க ஆயா கதை கேட்டதும் இப்படித்தான். கல்கி இதழே பொன்னியின் செல்வனைப் பிற்காலத்துல பல தடவை மறுபடி தொடரா வெளியிட்டது. கல்யாணமாகி வந்த புதுசுல, எதிர்வீட்டுல ஒரு பொண்ணு ஸ்கூல் படிச்சிட்டிருந்தது. சாயந்திரம் திண்ணையில உட்கார்ந்து அது சத்தமா வாசிக்கும். ஆயா கூடவே நாலஞ்சு பேர், வேர்க்கடலை உரிச்சுக்கிட்டே கேட்பாங்க. ஒரு வாரம் அந்தப் பொண்ணுக்குக் காய்ச்சல்னு வாசிப்பு இல்லாம போச்சாம். “அந்த வாரம் சோறே இறங்கல”ன்னு ஆயா இன்னும் சொல்வாங்க.

இப்ப எல்லாரும் வேற வேற பக்கத்துல

இன்னைக்கு நிலைமை வேற. நம்ம கேட்பவர்கள்ல ஒருத்தர் பொன்னியின் செல்வன் முதல் பாகத்துல இருப்பார். ஒருத்தர் மெட்ரோல போகும்போது ஆடியோவா நாலாம் பாகம் கேட்பார். ஒருத்தர் 2022லயும் 2023லயும் வந்த ரெண்டு படத்தை மட்டும் பார்த்துட்டு வாதத்துக்கு வருவார். கல்கியோட படைப்புகள் நாட்டுடைமை ஆனதால பல பதிப்பகங்கள் மலிவு விலையில போடுறாங்க, மதுரைத் திட்டம் தளத்துலயும் இலவசமா இருக்கு. (இங்க ஒரு சின்ன வேண்டுகோள்: கல்கியை இலவசமா அனுப்பலாம். அதுக்காக, இப்ப எழுதிட்டிருக்கிறவங்களோட புத்தகத்தையும் பிடிஎஃப் ஆக்கி குரூப்ல போடாதீங்க. அதுக்கு உரிமை இருக்கு, விலை இருக்கு.)

எல்லாரும் வேற வேற பக்கத்துல இருக்கிறதால ரெண்டு சிக்கல். முதலாவது, ஸ்பாய்லர். ஆதித்த கரிகாலன் கொல்லப்படுறது வரலாறு. அதைச் சொன்னா ஸ்பாய்லரா? எங்க குரூப்ல இதுக்கே ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை ஓடுச்சு.

ரெண்டாவது சிக்கல் பெருசு. ஒரே கதையை எல்லாரும் சேர்ந்து படிச்சப்ப, ‘இது கதைப்பா’ன்னு எல்லாருக்கும் தெரியும். இப்ப ஒரு பத்தியை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புறோம். அது மூணு குரூப் தாண்டினதும் நாவலோட பேர் கழண்டு விழுந்துடுது. நாலாவது குரூப்ல அது ‘வரலாறு’. நந்தினின்னு ஒரு ராணி உண்மையிலேயே இருந்தாங்கன்னு நம்புறவங்களை நான் பார்த்திருக்கேன். நந்தினி முழுக்க கல்கியோட படைப்பு.

கல்வெட்டுல என்ன இருக்கு?

முதல்ல நமக்கு ஒண்ணு புரியணும்: கல்வெட்டு கதை சொல்றதுக்காக வெட்டினது கிடையாது. பெரும்பாலும் அது ஒரு பத்திரம். நிலம் யாருக்குப் போச்சு, விளக்கு எரிக்க எத்தனை ஆடு கொடுத்தாங்க, வரி யாருக்குத் தள்ளுபடி, இப்படி. இன்னைக்குச் சார்பதிவாளர் ஆபீஸ்ல இருக்கிற காகிதத்தைக் கோவில் சுவர்ல வெட்டி வெச்ச மாதிரின்னு வெச்சுக்குங்க.

பொன்னியின் செல்வனோட மையமான கொலைக்கு ஆதாரம் அப்படி ஒரு பத்திரம்தான். காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி அனந்தீஸ்வரர் கோவில்ல இருக்கிற, ராஜராஜன் காலக் கல்வெட்டு. ஆதித்த கரிகாலனைக் கொன்ன துரோகிகள்னு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன்னு பேர்கள் வருது. எதுக்காக வருது? அவங்க, அவங்க உறவுக்காரங்க சொத்தைப் பறிமுதல் பண்ணின விவகாரத்துக்காக. ஏன் கொன்னாங்க, எப்படிக் கொன்னாங்க, பின்னாடி யார் இருந்தாங்கன்னு கல்வெட்டு பேசல. அதுக்கு அது தேவையில்லை, நில விவகாரம் முடிஞ்சா போதும்.

அந்த இடைவெளியிலதான் கல்கி நுழையறார். ரவிதாசன் கல்லுல இருக்கான். வந்தியத்தேவனும் இருக்கான்: குந்தவையோட கணவர் வல்லவரையர் வந்தியத்தேவர்னு தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டு சொல்லுது. நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் கதையில மட்டும் இருக்காங்க. சுந்தர சோழருக்குப் ‘பொன்மாளிகைத் துஞ்சின தேவர்’னு கல்வெட்டுகள்ல ஒரு பேர் உண்டு. அந்தப் பொன்மாளிகை எங்க காஞ்சிபுரத்துல இருந்ததுன்னு வரலாற்று ஆய்வாளர்கள் சொல்றாங்க. கல்கி அந்த ஒரு பேரை எடுத்து, அப்பாவுக்காக ஆதித்த கரிகாலன் காஞ்சியில கட்டின மாளிகையா மாத்திட்டார். நாவல்ல நம்ம வந்தியத்தேவன் ஓலையோட கிளம்பறதும் காஞ்சியிலேர்ந்துதான்.

இது தெரிஞ்சா நாவல் சுவை குறையுமா? எனக்குக் கூடிச்சு. ஒரு நிலப் பத்திரத்துலேர்ந்து ஐந்து பாகம் எழுதியிருக்கார் மனுஷன்.

எல்லா ஆதாரமும் கல் கிடையாது

வேற வேற நாவலுக்கு வேற வேற அடித்தளம். இதைத் தெரிஞ்சுக்கிட்டா நம்ம பகிர்வு இன்னும் தெளிவா இருக்கும்.

சிவகாமியின் சபதத்துக்கு அடியில இருக்கிறது போர் வரலாறு. முதலாம் நரசிம்மவர்மன் 642 வாக்குல சாளுக்கியரோட வாதாபியைப் பிடிச்சதுக்கு, வாதாபியிலேயே, அதாவது இன்றைய பாதாமியில, அவனோட கல்வெட்டு ஆதாரமா இருக்கு. படைத்தலைவர் பரஞ்சோதி பெரியபுராணத்துலேர்ந்து வர்றார், சிறுத்தொண்டரா. சிவகாமியும் அவங்க அப்பா ஆயனரும் கல்கியோட கற்பனை.

பிரபஞ்சனோட ‘வானம் வசப்படும்’ புதுச்சேரிக் கதை. 1995ல சாகித்திய அகாதமி விருது வாங்கினது. அதுக்கு அடித்தளம் ஆனந்தரங்கப் பிள்ளையோட நாட்குறிப்பு. துய்ப்ளேக்கிட்ட துபாஷியா இருந்த அவர் 1736லேர்ந்து 1761 வரைக்கும் எழுதினது. இங்க ஆதாரமே ஒரு தனி மனுஷனோட குரல். அவருக்குப் பிடிச்சவங்க, பிடிக்காதவங்க எல்லாம் அதுலயே இருக்கு.

சு. வெங்கடேசனோட ‘வேள்பாரி’ ஆனந்த விகடன்ல வாராவாரம் வந்தது. அதுக்கு அடித்தளம் சங்கப் பாடல்கள், முக்கியமா கபிலர் பேர்ல இருக்கிற புறநானூற்றுப் பாடல்கள். பாட்டு நிலப் பத்திரம் மாதிரி பேசாது. புகழும், அழும், மிகைப்படுத்தும். பாரி செத்த துக்கத்தை அது சொல்லும், எந்த வருஷம்னு சொல்லாது.

கல்லுன்னா மட்டும் முழு உண்மையான்னா, அதுவும் கிடையாது. ராஜராஜன் காலத்துலேர்ந்து கல்வெட்டோட தொடக்கத்துல மெய்க்கீர்த்தின்னு ஒண்ணு வழக்கமாகுது. ராஜா ஜெயிச்ச ஊர் பட்டியல், புகழ்ச்சியோட. தோத்த போரை யாரும் தன் மெய்க்கீர்த்தியில போட மாட்டாங்க, நாம ரெஸ்யூமேல அரியர் போடாத மாதிரி. கல்லும் ஒரு தரப்புதான்.

மறுபடியும் உத்திரமேரூர்

ஆயா கேட்ட கேள்விக்கு வர்றேன். அடுத்த ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துக்கிட்டு உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோவிலுக்குப் போனேன். அந்தக் கல்லு இருக்கிற மண்டபச் சுவரைப் பல தடவை பார்த்திருக்கேன், ஸ்கூல் டூர் உள்பட. அதுல என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவைகூட உட்கார்ந்து படிச்சதில்லை. எழுத்து அந்தக் காலத்து வடிவம், என்னால சுவர்லேர்ந்து படிக்க முடியாது. அச்சுல வந்த பாடத்தையும் விளக்கத்தையும் போன்ல வெச்சுக்கிட்டு வரி வரியா போனேன்.

ரெண்டு தீர்மானம் இருக்கு. ரெண்டும் முதலாம் பராந்தக சோழன் காலம்: ஒண்ணு 919, இன்னொண்ணு 921. ரெண்டே வருஷத்துல விதியைத் திருத்தியிருக்காங்க. முதல் தீர்மானத்துல தகுதி வயசு 30லேர்ந்து 60. ரெண்டாவதுல 35லேர்ந்து 70. நான் மென்பொருள்காரன், எனக்கு இதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துடுச்சு. முதல் வெர்ஷன் விட்டிருக்காங்க, பக் ரிப்போர்ட் வந்திருக்கு, ரெண்டாவது வெர்ஷன் விட்டிருக்காங்க.

முறை என்னன்னா, ஊர் 30 குடும்பா, அதாவது 30 வார்டு மாதிரி, பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்புலயும் தகுதி உள்ளவங்க பேரைத் தனித்தனி ஓலையில எழுதி, கட்டா கட்டி, அது எந்தக் குடும்புன்னு ஒரு ஓலையும் சேர்த்துக் குடத்துல போடுவாங்க. சபை கூடியிருக்கும்போது, அங்க இருக்கிற நம்பிமார்கள்ல மூத்தவர் ஒருத்தர் குடத்தை எல்லாரும் பார்க்கிற மாதிரித் தூக்கிக் காட்டணும். விவரம் தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டு ஒரு கட்டை எடுக்கச் சொல்லணும். அதை வேற குடத்துல போட்டுக் குலுக்கி, மறுபடி அதே பையன் ஒரு ஓலை எடுக்கணும். வாங்குற மத்தியஸ்தன் அஞ்சு விரலையும் விரிச்சுத் திறந்த உள்ளங்கையில வாங்கணும். ஓலையை மாத்திடக் கூடாதுல்ல, அதுக்குத்தான். அவர் வாசிச்சதை மத்த நம்பிமார்களும் வாசிக்கணும்.

இப்படி வர்றவங்கள்ல 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். போன மூணு வருஷத்துல வாரியத்துல இருந்தவங்க மறுபடி வர முடியாது. இருந்துட்டுக் கணக்குக் காட்டாம போனவங்க வர முடியாது, அவங்க உறவுக்காரங்களும் வர முடியாது. கள்ளக் கையெழுத்து போட்டவங்க, கழுதை மேல ஏத்தப்பட்டவங்க, இவங்களுக்கும் இடமில்லை. ஆயிரத்து நூறு வருஷம் முன்னாடி, கணக்குக் காட்டாதவனோட மச்சானுக்கும் சேர்த்துக் கதவை மூடியிருக்காங்க. 2020ல புது நாடாளுமன்றக் கட்டட அடிக்கல் விழாவுல பிரதமர் பேச்சுல உத்திரமேரூர் வந்தது சும்மா இல்ல. பெருமைப்பட இதுல விஷயம் இருக்கு.

ஆனா நான் சொன்ன ‘எல்லாரும் ஓட்டுப் போட்டாங்க’ல ரெண்டு தப்பு. ஒண்ணு, இது ஓட்டு கிடையாது, குலுக்கல். கட்டுலேர்ந்து எந்த ஓலை வரும்னு யாரும் முடிவு பண்ண முடியாது. ரெண்டாவது, ‘எல்லாரும்’. ஓலையில பேர் வரணும்னா வரி கட்டுற நிலம் கால் வேலிக்கு மேல இருக்கணும். பிற்காலத் தஞ்சாவூர்க் கணக்குல ஒரு வேலி சுமார் 6.6 ஏக்கர், அப்போ கால் வேலின்னா ஒண்ணரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல. சொந்த மனையில கட்டின வீட்டுல குடியிருக்கணும். வேதம் படிச்சு, பிறருக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரிஞ்சிருக்கணும். நிலம் குறைவா, அரைக்கால் வேலி இருந்தாலும் வரலாம், ஆனா ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கத்திருக்கணும். உத்திரமேரூர் அப்ப ஒரு சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். அந்தச் சபை அவங்களோடது. மத்த ஊர்கள்ல ‘ஊர்’னே பேர் கொண்ட வேற சபை இருந்தது, அதுலயும் நிலம் வெச்சிருந்தவங்கதான். உத்திரமேரூர் ஓலைகள்ல பெண்கள் பேர் கிடையாது. கூலிக்கு நாத்து நட்டவங்க பேரும் கிடையாது.

ஆயா கேள்விக்குப் பதில்: இல்ல ஆயா. நம்ம ஆளுங்க பேர் அந்தக் குடத்துல இல்ல.

கல்லுல இல்லாதவங்க

அப்போ அவங்க கல்லுல எங்கதான் இருக்காங்கன்னு தேட ஆரம்பிச்சேன். ராஜராஜனோட தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டுகள்ல, கோவிலுக்குக் கொடுத்த ஊர்களோட நிலக் கணக்கு வரும். அதுல வரி இல்லாத நிலம்னு கழிக்கிறப்ப ஊர் நத்தம், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடுன்னு ஒரு பட்டியல் இருக்கும். அங்க இருக்காங்க. பேரா இல்ல, கழிச்சு விட்ட நிலப்பரப்பா.

அதே கோவில்ல இன்னொரு கல்வெட்டு. கோவில் பணிக்காகப் பல ஊர்கள்லேர்ந்து கொண்டுவந்து தஞ்சாவூர்ல குடியமர்த்தின 400 தளிச்சேரிப் பெண்களோட பேர். எந்த ஊர்க் கோவில்லேர்ந்து வந்தவங்க, இங்க எந்தத் தெருவுல எத்தனாவது வீடுன்னு விலாசத்தோட. ராஜாக்களைத் தவிர வேற யாரும் கல்லுல கிடையாதுன்னு நினைச்சிட்டிருந்த எனக்கு அந்தப் பட்டியல் பெரிய அதிர்ச்சி. நானூறு பேருக்கும் ஆளுக்கொரு வரி. ஒவ்வொரு வரியும் எழுதப்படாத ஒரு நாவல்.

இதைப் படிச்சப்பதான் எனக்குச் சரித்திர நாவல் மேல மரியாதை கூடிச்சு. கல்லு நிறுத்தின இடத்துலேர்ந்து நாவலால போக முடியும். நில அளவா மட்டும் இருக்கிற ஒரு சேரிக்குள்ள நுழைஞ்சு, அங்க ஒரு சாயந்திரம் எப்படி இருந்திருக்கும்னு சொல்ல முடியும். ஆனா அதுக்கு, கல்லு எங்க நிக்குதுன்னு வாசகனுக்குத் தெரிஞ்சிருக்கணும். ‘எல்லாரும் ஓட்டுப் போட்டாங்க’ன்னு நான் சொன்னப்ப, இல்லாம போனவங்களையும் இருந்ததா ஆக்கிட்டேன். அவங்களைத் தேட வேண்டிய அவசியமே இல்லாம பண்ணிட்டேன், எங்க ஆயாவோட ஆயாவையும் சேர்த்து.

மூணு வரி

அதனால எங்க குரூப்ல இப்ப ஒரு வழக்கம் வெச்சிருக்கோம். ‘இப்ப என்ன படிக்கிறீங்க’ன்னு யார் கேட்டாலும் மூணு வரி.

முதல் வரி: புத்தகம், ஆசிரியர், நான் எந்த அத்தியாயத்துல இருக்கேன். இது ஸ்பாய்லர் சண்டையைப் பாதி முடிச்சிடும். அந்த அத்தியாயத்தைத் தாண்டி யாரும் பேசக் கூடாது. ஆதித்த கரிகாலன் விஷயத்துல எங்க தீர்ப்பு: செத்தான்னு சொல்லலாம், அது வரலாறு. நாவல்ல எப்படி, யார் கையிலன்னு சொல்லக் கூடாது, அது கல்கி.

ரெண்டாவது வரி: இதுல ஆதாரம் உள்ள ஒரு விஷயம், அந்த ஆதாரம் எந்த வகை. கல்வெட்டா, நாட்குறிப்பா, பாட்டா, வெளிநாட்டுப் பயணி எழுதினதா. எல்லாத்தையும் தேட வேண்டாம், ஒண்ணு போதும். பல நாவல்கள்ல முன்னுரையிலேயோ பின்னுரையிலேயோ ஆசிரியரே சொல்லியிருப்பார், நாமதான் அதைத் தாண்டிட்டு நேரா முதல் அத்தியாயத்துக்குப் போயிடுவோம்.

மூணாவது வரி: ஆசிரியர் கற்பனைன்னு நினைக்கிற ஒண்ணு, இல்லைன்னா ஒரு சந்தேகம். இந்த வரிதான் குரூப்பை உயிரோட வெச்சிருக்கு. தெரிஞ்சதைச் சொன்னா ஒரு லைக் விழும், சந்தேகத்தைச் சொன்னா பத்துப் பேர் பேச வருவாங்க.

ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினா நாவல் பேர் தெரியற மாதிரி அனுப்பணும். இது நாலாவது விதி இல்ல, சாதாரண மரியாதை.

இந்தத் தடவை என் மூணு வரி: பொன்னியின் செல்வன், இரண்டாம் தடவை, முதல் பாகம் பாதியில இருக்கேன். ஆதாரம், செம்பியன் மாதேவி: கண்டராதித்தரோட மனைவி, பல செங்கல் கோவில்களைக் கற்றளியா மாத்தினவங்க, கல்வெட்டுகள் நிறைய இருக்கு. மூணாவது வரி என்னோடது இல்ல, ஆயாவோடது.

குடவோலை பத்தி நான் படிச்சதையெல்லாம் ஊருக்குப் போய் ஆயாகிட்ட சொன்னேன். நம்ம பேர் இல்லைன்னும் சொன்னேன். அவங்க வருத்தப்படுவாங்கன்னு நினைச்சேன். முறத்துல அரிசி புடைச்சுக்கிட்டே கேட்டுட்டு, கொஞ்ச நேரம் கழிச்சுக் கேட்டாங்க:

“சரிடா, ஓலையில பேரில்ல. அந்தக் குடத்தைச் சுட்டவன் யாரு? அவன் பேராவது போட்டிருக்கா?”

போடல. இதை யாராவது நாவலா எழுதினா, முதல் பிரதி நான் வாங்கிக்கிறேன். சத்தமா வாசிச்சுக் காட்ட ஒரு ஆளும் வீட்டுல காத்திருக்கு.

பழைய எபிசோட்ல அந்த இடத்துல இப்ப ஒரு திருத்தம் சேர்த்திருக்கேன். அந்த கிளிப் உங்க போன்ல இருந்தா, அழிக்க வேண்டாம். யாருக்கு அனுப்பினீங்களோ அவங்களுக்கே இந்த எபிசோடையும் அனுப்பிடுங்க. கூடவே உங்க மூணு வரியையும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல வாசிக்கிறேன்.